நீ திருப்பி அனுப்பிய லோடு

அன்பு தினேஷ்,

ஷெட்டை மூடிவிட்டோம் என்று உன் அப்பா போனில் சொன்னபோது நீ "அப்படியா" என்று மட்டும் சொன்னாயாம். கொஞ்ச நேரம் கழித்து எனக்கு ஒரு மெசேஜ் வந்தது. "எல்லாம் என்னாலதான்மா." போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரிசி களையப் போய்விட்டேன். "அதெல்லாம் ஒன்னும் இல்லடா" என்று ஒரு வரி அனுப்பியிருக்கலாம். நீ நம்பியிருக்க மாட்டாய். என்னிடம் யாராவது அப்படிச் சொன்னால் நானும் நம்ப மாட்டேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மணிக்கட்டு வலிக்கிறது, ஒரே மூச்சில் எழுத முடியாது. மத்தியானம் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி வைத்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். எழுத்து ஓர் இடத்தில் நேராகவும் ஓர் இடத்தில் சாய்ந்தும் கிடந்தால், அன்றன்றைக்குக் கை எப்படி இருந்ததோ அப்படி என்று எடுத்துக்கொள்.

நீ பார்த்ததெல்லாம் கம்பெனி வாசலில் லாரியிலிருந்து இறங்கும் பேலட்டை, பெட்டி அடுக்குகிற அந்த மரத் தட்டை. அதன்மேல் பெட்டி ஏறும், பெட்டி கப்பல் ஏறும், எந்த ஊரிலோ இறங்கும். அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால், ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். அது உண்டாகிற வேலையை நீ கிட்டே இருந்து பார்த்ததே இல்லை. அது உன் குற்றமில்லை. உன்னைப் பார்க்க விடாதவர்களே நாங்கள்தான்.

உன் அப்பா துறைமுகத்துக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர் என்பது உனக்குத் தெரியும். வெளிநாட்டு மிஷின் வந்திறங்கிய மரப்பெட்டிகளைப் பிரித்து, பலகையை வீட்டுக்குக் கொண்டுவருவார். நசரத்பேட்டையில் அவருடைய அப்பா காலத்தில் நெல் விளைந்த நிலமெல்லாம் பங்கு பிரிந்து, விற்று, நெடுஞ்சாலைக்குப் போய், எங்கள் பங்குக்கு ஒரு துண்டு மிஞ்சியது. அதில் தகரம் போட்டு, பழைய பலகையில் பேலட் அடித்து விற்க ஆரம்பித்தார். நான் அப்போது அந்தப் பக்கம் போவதுகூட இல்லை. ஒரு தீபாவளிக்கு ஊருக்குப் போன இரண்டு ஆட்கள் திரும்பி வரவில்லை. அதே சமயம் அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஆர்டர் பாதியில் நின்றது. "நீ ஒரு பக்கம் பலகைய புடிச்சிக்க, நான் அடிக்கிறேன்" என்றார். நான் பிடித்தேன். மறுநாள் அவரால் குனிய முடியவில்லை. "நீங்க புடிங்க, நான் அடிக்கிறேன்" என்றேன். அப்படித்தான் காற்றழுத்தத்தில் ஆணி அடிக்கிற அந்தத் துப்பாக்கி என் கைக்கு வந்தது. அவ்வளவு பெரிய கதை ஒன்றும் இல்லை.

ரொம்பச் சுலபமான வேலை என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். என்ன கட்டிலா, நாற்காலியா செய்யப்போகிறோம், பலகையைக் கட்டைமேல் வைத்து ஆணி அடிப்பதுதானே. முதலில் அடித்ததெல்லாம் பிளந்துகொண்டது. ஓரத்தில் ஆணி வைத்தால் பிளக்கும், ஒரே ரேகையில் இரண்டு ஆணி வைத்தாலும் பிளக்கும் என்று பிறகுதான் புரிந்தது. மரம் லாரியில் வந்ததும் அறுவை மிஷினில் கனம் பார்த்துப் பலகையாக அறுக்க வேண்டும். அப்புறம் நீளத்துக்கு வெட்ட வேண்டும். தடித்த கட்டைகளைத் தனியாக வெட்டிக் குவிக்க வேண்டும். பேலட்டின் அளவுக்கு இரும்பில் ஒரு சட்டம் செய்து மேஜைமேல் வைத்திருப்போம். அதற்குள் கட்டையை வைத்து, மேலே குறுக்குப் பலகை, அதற்குமேல் பலகை என்று அடுக்கி அடித்து, புரட்டிப் போட்டு அடிப்பலகை அடிக்க வேண்டும். பேலட்டைத் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் இரண்டு இரும்பு விரல் நுழைய நாலு பக்கமும் வழி இருக்க வேண்டும். அடிப்பலகையின் விளிம்பைச் சரித்துச் சீவவில்லையென்றால் கை வண்டியின் சக்கரம் முட்டி நிற்கும். ஆணியின் தலை பலகைக்கு வெளியே துருத்தினால் பெட்டியைக் கிழிக்கும். எல்லாம் முடிந்ததும் மூலைக்கு மூலை டேப் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவு வந்தால் சதுரம் சரி. வராவிட்டால் பிரிக்க வேண்டியதுதான்.

அதற்கப்புறம் சூட்டறை. நாங்கள் வெறுமனே "ரூம்" என்போம். கப்பலில் போகிற மரத்தில் புழு பூச்சி போய்விடக் கூடாது என்பதற்காக, பேலட்டுகளை அந்த அறைக்குள் அடுக்கிக் கதவைச் சாத்தி, மரத்தின் நடுவரைக்கும் சூடு ஏறி அரைமணி நேரம் நிற்கிறதா என்று சூடு காட்டுகிற கம்பியைச் செருகிப் பார்ப்போம். நின்ற பிறகுதான் எங்கள் பதிவு எண்ணோடு முத்திரை குத்தலாம். வெளியில் இருப்பவர்கள் இதில் ஒன்றைத் தவறாக நினைக்கிறார்கள். ரூமில் வைத்தால் மரம் காய்ந்துவிடும் என்று நினைக்கிறார்கள். பூச்சி சாகும், அவ்வளவுதான். ஈரம் உள்ளேயே இருக்கும். காய்வதற்கு வெயிலும் காற்றும் நாளும் வேண்டும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள், மேலே சொல்லப்போவதற்கு இதுதான் தேவை.

இந்த வேலையில் தூள் பறக்கும். உனக்கு மூச்சு இழுப்பு வந்தது அதனால்தான். பூந்தமல்லி டாக்டர் உன் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார். என் தலைமுடியில் மரத்தூள் இருந்தது. "ஒன்னு தூளு போவணும், இல்ல புள்ள போவணும். நீங்களே முடிவு பண்ணிக்குங்க" என்றார். நாங்கள் முடிவு செய்தோம். கொரட்டூரில் சித்தி வீட்டில் உன்னை விட்டோம். ஏரிக் காற்று, பக்கத்திலேயே பள்ளிக்கூடம், சித்தப்பாவுக்கு ரயிலேறிப் போய் வருகிற ஆபீஸ் வேலை. உன் இழுப்பு நின்றது. சனிக்கிழமை நான் குளித்து, வேறு புடவை கட்டிக்கொண்டு, பஸ் மாறி மாறி வந்து உன்னைப் பார்ப்பேன். வாசலில் நின்று சித்தி முதலில் என் முந்தானையை உதறச் சொல்வாள். காலேஜ் படிக்கிறபோது ஒரு நாள் சண்டையில் நீ சொன்னாய், "மரத்த வச்சிக்கினு என்ன அனுப்பிட்டீங்க." அந்த மரத்தில்தான் உன் பள்ளிக்கூடமும், வேலப்பன்சாவடி காலேஜும் வந்தன என்று சொல்லலாம். அது கணக்கு, பதிலில்லை. உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அதற்கு மூச்சு வாங்கும்போது எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நீயும் ஒரு தடவை தவிப்பாய். அப்போது வேண்டுமானால் என்னைத் திட்டிக்கொள், இல்லையென்றால் விட்டுவிடு.

காலேஜ் முடித்ததும் அம்பத்தூர் எஸ்டேட்டில் உனக்கு வேலை கிடைத்தது. நாங்கள் பல வருஷமாகப் பேலட் போடுகிற அதே கம்பெனி. சேரும்போதே "எங்கம்மா இங்க சப்ளை பண்றாங்க" என்று நீயே எழுதிக் கொடுத்தாய். அதனால் உன்னை இரும்புப் பாகங்களைப் பரிசோதிக்கிற பக்கம் போட்டார்கள், பேலட் பக்கமே விடவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. உனக்கும்தான்.

இப்போது அந்த மழைக்கு வருகிறேன். போன ஐப்பசி முழுக்க விடாமல் அடித்தது உனக்கே தெரியும். வெளிநாட்டிலிருந்து எங்களுக்கு வருகிற பைன் மரம் துறைமுகத்திலேயே மாட்டிக்கொண்டது. கையில் இருந்தது நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த ரப்பர் மரம். ரப்பர் மரம் நல்ல மரம்தான், ஆனால் ஈரத்தோடு நெருக்கி அடுக்கினால் பூசணம் பூத்துவிடும். அடித்தோம், ரூமில் வைத்தோம், முத்திரை குத்தினோம். காய வைக்கத்தான் வெயில் இல்லை. தார்ப்பாய்க்கு அடியில் ஃபேன் போட்டுப் பார்த்தோம். முன்னா அடிக்கடி பலகையில் கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவான். முன்னாவை உனக்குத் தெரியும், பீகாரிலிருந்து வந்து எங்களோடே தங்கிவிட்டவன், ஷெட்டில் எனக்கு அடுத்தது அவன்தான்.

அந்தச் சமயத்தில் உன் கம்பெனியிலிருந்து கொள்முதல் பார்க்கிறவர் போன் பண்ணினார். அவர் பெயர் வேண்டாம். கெட்ட மனுஷன் இல்லை, கோயம்புத்தூர்க்காரர், மேலிருந்து அவரையும் யாரோ நெருக்கியிருப்பார்கள்.

"மேடம், இன்னிக்கு லோடு வந்தாகணுங்க. கன்டெய்னர் நிக்குது."

"சார், ஈரமா கீது. ரெண்டு நாளு வெயிலு காட்டினா அனுப்பிடுவேன். இப்ப ஏத்துனா பூசணம் வந்துரும் சார்."

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறோங்க. நீங்க ஏத்துங்க. நான் சொல்றேன்ல."

நான் ஏற்றினேன். அவர் சொன்னார் என்பதற்காக மட்டுமில்லை. அன்றைக்கு எனக்கு மறுபடியும் இல்லை என்று சொல்லத் தெம்பு இல்லை. லாரிக்காரர் புதியவர், கேட்டில் பேப்பர் கேட்டு நிறுத்துவார்கள் என்று நானும் முன்னால் ஏறி உட்கார்ந்தேன். அப்பா அன்றைக்கு முதுகுக்கு மாத்திரை போட்டுப் படுத்திருந்தார்.

இறக்குகிற இடத்தில் நீ நின்றிருந்தாய். பேலட் பார்க்கிற ஆள் லீவு என்று அன்றைக்கு உன்னை நிறுத்தியிருந்தார்கள். உன் கழுத்தில் அட்டை, கையில் ஈரம் பார்க்கிற மீட்டர். உன்னோடு இரண்டு பேர் நின்றார்கள். எனக்கு உன்னை என்னவென்று கூப்பிடுவதென்றே தெரியவில்லை.

"வணக்கம் சார்" என்றேன்.

நீ ஒரு நிமிஷம் விழித்தாய். பிறகு, "வாங்க மேடம்" என்றாய். உன்னோடு நின்றவன் சிரிப்பை அடக்கினான். தார்ப்பாயைப் பிரித்தார்கள். வரிசையை நீக்கி நடுவிலிருந்து ஒன்றை எடுக்கச் சொன்னாய். அதுதான் சரி, ஓரத்தில் இருப்பது எப்போதும் காய்ந்துதான் இருக்கும். மீட்டரின் இரண்டு முள்ளைக் குத்திப் பார்த்தாய். இன்னொன்றில் குத்தினாய். புரட்டச் சொன்னாய். அடியில் சாம்பல் பூத்தமாதிரி இருந்ததை விரலால் தொட்டு முகர்ந்தாய். உன் காது சிவந்துபோயிற்று. சின்ன வயதில் பொய் சொல்லும்போது அப்படிச் சிவக்கும். அன்றைக்கு உண்மை சொல்லப் போகிறாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"மேடம், இது ஆகாது. ஈரம் ஜாஸ்தியா இருக்கு. ஃபங்கஸ் இருக்கு. இத ஏத்துனா உள்ள இருக்கற பார்ட்ஸ் துரு பிடிச்சிரும். ரிஜெக்ட்தான் பண்ணணும்."

"சரிங்க சார்" என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீ தவறாகப் புரிந்துகொண்டாய். நீ பேப்பரோடு கண்ணாடி அறைக்குள் போனபோது, கொள்முதல்காரர் ஓடி வந்தார். என்னை லாரிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"மேடம், இன்னும் எழுதி முடிக்கலைங்க. உங்க பையன்தானுங்களே. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, ஒரு கையெழுத்து போட்டாப் போதும், லோடு உள்ள போயிரும். நாளைப்பின்ன எதாச்சும் வந்தா நான் பாத்துக்கறேன்."

"நீங்க தான சார் ஏத்த சொன்னீங்க. நீங்களே போயி அவராண்ட சொல்லுங்களேன்."

"நான் சொன்னா ரூல் பேசுவாருங்க. அம்மா சொன்னா கேப்பாரு."

நான் கண்ணாடி வழியாக உன்னைப் பார்த்தேன். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு எழுதாமல் நின்றிருந்தாய். எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உன்னிடம் வருவேன் என்று பயந்துகொண்டிருந்தாய், தினேஷ். உன் முகத்தை நான் இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாகப் பார்க்கிறேன். நான் வந்து கேட்டால் நீ முடியாது என்று சொல்ல வேண்டும், எல்லோர் முன்னாலும், இன்னொரு தடவை. அது உன்னை நொறுக்கிவிடும். இல்லாவிட்டால், நீ சரி என்று சொல்லிவிடுவாய். அது அதைவிட மோசம். அப்புறம் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடும்போதும் இந்தக் கையெழுத்து உன் முன்னால் வந்து நிற்கும்.

"என் புள்ள கையெழுத்த நான் கேக்க மாட்டேன் சார்" என்றேன். லாரிக்காரரிடம், "வண்டிய திருப்புப்பா" என்றேன். உன் பக்கம் திரும்பாமல் ஏறி உட்கார்ந்தேன். திரும்பினால் நீ வெளியே ஓடி வந்துவிடுவாய் என்று தோன்றியது. ஒரு வார்த்தையும் பேசாமல், முகத்தைக்கூடப் பார்க்காமல் அம்மா கோபமாகப் போய்விட்டாள் என்று நீ சித்தியிடம் சொல்லி அழுதாயாம். போன வாரம்தான் சித்தி சொன்னாள். கோபம் இல்லை. உன்னைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்த ஒரே வழி உன்னை விட்டுத் தள்ளிப் போவதுதான். கொரட்டூரில் விட்டபோதும் அப்படித்தான் செய்தேன். வேறு வழி எனக்குத் தெரிந்திருந்தால் அதைச் செய்திருப்பேன்.

வழியெல்லாம் நான் அழுதிருப்பேன் என்று நினைத்திருப்பாய். உண்மையைச் சொல்கிறேன், நான் தூங்கிவிட்டேன். எஸ்டேட்டைத் தாண்டியதும் கண் சொருகியது. நசரத்பேட்டை வந்து லாரிக்காரர் தட்டி எழுப்பினார். "இன்னாம்மா, லோடு ரிட்டன் ஆயிருக்கு, நீ இப்டி தூங்கினு வர்ற" என்று அவருக்கு ஒரே ஆச்சரியம். எனக்கு அன்றைக்கு அவ்வளவு அசதி. அந்த அசதி அந்த லோடால் வந்ததில்லை, பல வருஷமாகச் சேர்ந்தது.

முன்னாவும் மற்றவர்களும் லோடை இறக்கினார்கள். "அம்மா, டென்ஷன் வேணா. சூகா பண்ணி திரும்ப அனுப்பலாம்" என்றான் முன்னா. அவன் பாஷையில் சூகா பண்ணுவது என்றால் காய வைப்பது. அடுக்காமல், ஒவ்வொன்றையும் செங்குத்தாக நிறுத்தி, நடுவில் குச்சி கொடுத்துக் காற்றாடவிட்டோம். வெயில் வந்தபோது ஷெட்டுக்கு வெளியே ரோடு வரைக்கும் பரப்பினோம். பக்கத்து ஃப்ளாட்காரர்கள் காரை எடுக்க முடியவில்லை என்று சத்தம் போட்டார்கள். அப்பா முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பேலட்டின் அடியையும் பிரஷ்ஷால் தேய்த்தார். அவருக்கு உன்மேல் ஆத்திரம் தணியவே இல்லை. அந்த ஆத்திரத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை நீ வந்து கேட்டில் நின்றபோது, "இன்னாடா, ஆபீஸரு வந்துகீறாரு! மீட்டரு எடுத்துகினு வந்தியா? ஊட்ல சோத்துலயும் குத்திப் பாரு" என்று கத்தினார். நான் கோழி வெந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வருவதற்குள் நீ வண்டியை எடுத்துப் போய்விட்டாய். அடுத்த மாதமே புனேவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாய்.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அப்பா மறுபடியும் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். லாரியில் அடி வரிசையில் இருந்த, நீ பார்க்காத ஒரு பேலட்டைப் புரட்டினார். கட்டைக்கும் பலகைக்கும் நடுவில் கறுப்பாகப் படர்ந்து, பிசுபிசு என்று இருந்தது. பிரஷ்ஷைக் கீழே வைத்தார். அப்புறம் என்னைப் பார்க்காமலேயே, "புள்ள சரியாத்தான் சொல்லிகீறான். இது போயிருந்தா நம்ம பேருதான் நாறியிருக்கும்" என்றார். அதை அவர் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். போனைக் கையில் எடுப்பார், கண்ணாடியைத் தேடுவார், கண்ணாடி கிடைத்ததும் போனை வைத்துவிடுவார். அவர் அப்படித்தான். நீயும் கொஞ்சம் அப்படித்தான்.

அந்த லோடு காய்ந்து, கெட்ட பலகையை மாற்றி, திரும்ப உன் கம்பெனிக்குப் போய் இறங்கியது. அதற்கப்புறமும் அவர்கள் எங்களிடம் வாங்கினார்கள். ஷெட்டை மூடும்வரை வாங்கினார்கள். சொல்லப்போனால், ஈரம் இருந்தால் அனுப்பாதீர்கள் என்று கொள்முதல்காரரே போன் பண்ணிச் சொல்ல ஆரம்பித்தார். அதனால் உன்னால் ஷெட் மூடியது என்பது வெறும் பொய். அதை உன் தலையிலிருந்து இறக்கி வை.

ஏன் மூடினேன் என்று சொல்கிறேன். சித்திரையில் ஒரு நாள் ஆள் குறைவு. நான்தான் துப்பாக்கியைப் பிடித்திருந்தேன். முன்னா எதிர்ப்பக்கம் பலகையை அழுத்திக்கொண்டிருந்தான். ஒரு ஆணி அடித்துவிட்டு எடுப்பதற்குள் என் மணிக்கட்டு மடங்கியது. வலித்ததுகூடத் தெரியவில்லை, கை என் கையாக இல்லை, அவ்வளவுதான். துப்பாக்கி துள்ளி இன்னொரு ஆணியை விட்டது. அது முன்னாவின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கையுறையைத் துளைத்துக்கொண்டு பலகையில் இறங்கியது. அவன் கையை இழுக்க முடியாமல் அப்படியே நின்றான்.

"முன்னா! முன்னா, இன்னா ஆச்சுப்பா!"

அவன் மெதுவாகக் கையுறைக்குள்ளிருந்து கையை மட்டும் உருவினான். விரலை மடக்கி, நீட்டிப் பார்த்தான். "ஒன்னும் இல்ல அம்மா. கிளவுஸ் மட்டும்தான் செத்துச்சு" என்று சிரித்தான். அவன் பெண்சாதி ஆவடியில் குழந்தையை வைத்துக்கொண்டு இருக்கிறாள். அந்தக் குழந்தை என்னைப் பார்த்தால் "இன்னா ஆயா, எங்கப்பன் கீறானா?" என்று கேட்கும். நான் துப்பாக்கியின் காற்றுக் குழாயைக் கழற்றிக் கீழே வைத்தேன். அதற்குப் பிறகு அதை நான் தொடவில்லை. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். உன் அப்பாவிடம் சொன்னபோது அவர் மறுத்துப் பேசவில்லை. "நானே சொல்லணும்னு இருந்தேன், உனுக்கு வருத்தமா இருக்குமேன்னு வுட்டேன்" என்றார். அவர் சொல்லட்டும் என்று நானும், நான் சொல்லட்டும் என்று அவரும் காத்திருந்திருக்கிறோம் போல.

மேஜை, சட்டங்கள், துப்பாக்கிகள் எல்லாம் முன்னா எடுத்துக்கொண்டான். ஆவடிப் பக்கம் வாடகைக்கு ஒரு ஷெட் பிடித்து அவன் மைத்துனனோடு ஆரம்பித்துவிட்டான். ரூம் இல்லை, அதை வெளியில் கொடுத்துச் செய்துகொள்கிறான். எங்கள் எண் பொறித்த முத்திரையை மட்டும் கேட்டான். தரவில்லை. அது எங்கள் பதிவின் பேரில் இருப்பது, கை மாற்றக் கூடாது. அவனுக்கென்று ஒன்று வாங்கிக்கொள்ளட்டும். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. வேலை நிற்கவில்லை, நான்தான் நின்றேன். மிஷின் லாரியில் ஏறிய அன்றைக்கு எனக்கு அழுகை வரும் என்று பயந்து முன்னாவின் மனைவி என் பக்கத்திலேயே நின்றாள். எனக்குப் பசிதான் எடுத்தது. சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம்வரை படுத்துக் கிடந்தேன்.

இப்போது வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. அந்த அமைதி நல்லதாகவும் இல்லை, கெட்டதாகவும் இல்லை. அப்பா காலையில் எழுந்து ஷெட்டுக்குப் போய், வெறும் தரையைக் கூட்டிவிட்டு வருகிறார். இடத்தை என்ன செய்வது என்று நீ வந்தால் பேசலாம், வராவிட்டாலும் அது எங்கும் போய்விடாது.

உனக்குப் புத்தி சொல்கிற அளவுக்கு எனக்குத் தெம்பில்லை, தினேஷ். ஒன்றிரண்டு மட்டும். உன் வேலையில் உன்னுடையவர்கள் யாராவது வந்து நின்றால், அன்றைக்கு நீ செய்த மாதிரியே நடுவிலிருந்து எடுத்துப் பார். ஆனால் சொல்லிவிட்டு மனசுக்குள் அதையே வைத்துக்கொண்டு ஊரை விட்டுப் போகாதே. களைப்பாக இருந்தால் களைப்பாக இருக்கிறது என்று சொல். நான் அதைச் சொல்லாமல் ஓட்டி ஓட்டி ஒருத்தனுடைய விரலில் கொண்டுபோய் நிறுத்தப் பார்த்தேன். போனில் "மாத்திரை போட்டியா" என்று கேட்டுவிட்டு வைக்காதே. வேறு ஏதாவது கேள். அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய், துணியை யார் துவைக்கிறார்கள், சித்தி சொன்ன அந்தப் பெண் யார், எதையாவது சொல். எனக்கு இப்போது கேட்க நேரம் இருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். மூன்றாவது தடவை வாசற்படியில் நின்று, "இன்னும் முடியலயா?" என்றார்.

"முடிஞ்சிடுச்சு. உங்க சார்பா எதுனா எழுதணுமா?" என்று கேட்டேன்.

வாசற்படியிலேயே உட்கார்ந்தார். "அன்னிக்கு நான் பேசுனது பேச்சே இல்லன்னு எழுது. வேணா, அத எழுதாத. நேர்ல சொல்லிக்கிறேன். சென்ட்ரல்ல போயி புனேவுக்கு டிக்கெட்டு எடுத்துகினு வந்துட்டேன். வர வெள்ளிக்கிழமைக்கி. ரெண்டு பேருக்கும். கீழ் பெர்த்து. அத எழுது."

எழுதிவிட்டேன்.

அம்மா